பனிக்கால முதலாளி

நவம்பர் பிறந்துவிட்டால், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வீட்டு வாடகையை இரண்டு தவணையாகக் கொடுக்கிற ஆசாமிகூட 30 கோடி டாலருக்குக் குறைந்து பேசமாட்டார். "அந்த ஷார்ட்ஸ்டாப்புக்கு 30 கோடி தாராளமாக் குடுக்கலாம்" என்பார், காப்பி விலையை ஏற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்துக்கொண்டே. பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஆட்டக்காரர். 30 கோடி டாலர் என்பது எவ்வளவு என்று இவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இவர் பேஸ்பால் ரசிகர், அணி நியூயார்க் மெட்ஸ். மேஜர் லீக் அணி ஒவ்வொன்றும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டம் ஆடுகிறது. அதற்குமேல் பிளேஆஃப், வேர்ல்ட் சீரிஸ். எல்லாம் முடிந்து மைதானத்தைப் பூட்டினால், பிப்ரவரி நடுவில் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம் திறக்கும்வரை ஆட்டம் என்ற பேச்சே கிடையாது. மனிதன் ஓய்வெடுக்கவேண்டிய காலம். மனைவி மக்களோடு பேசலாம், ஒழுகுகிற குழாயைச் சரிசெய்யலாம். நம்மாளுக்கோ இப்போதுதான் உத்தியோகமே ஆரம்பம். கோடை முழுக்கச் சீட்டு வாங்கி உள்ளே போன பார்வையாளர், பனி விழுந்ததும் முதலாளி ஆகிவிடுகிறார்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இந்த உத்தியோகத்தின் அருமை சட்டென்று விளங்காது. அங்கே ஒரு ஓட்டலில் பத்து மேஜை போடுகிறார்கள், சுத்தியலைத் தட்டினால் கதை முடிந்தது, இரண்டு நாளில் மூட்டை கட்டிவிடுகிறார்கள். இங்கே சுத்தியலே கிடையாது. மேஜர் லீக்கில் ஆறு வருஷம் முடித்து, ஒப்பந்தமும் தீர்ந்தவர் ஃப்ரீ ஏஜென்ட். யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். நவம்பரிலேயே போகலாம், பிப்ரவரிவரை இழுத்தடிக்கவும் செய்யலாம். மற்றவர்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும், அது ட்ரேட். சம்பளத்துக்கு உச்சவரம்பும் இல்லை. ஒரு தொகையைத் தாண்டினால் அணி வரி கட்டவேண்டும், அவ்வளவுதான். 2025-இல் அந்தத் தொகை 24.1 கோடி டாலர். நம்மாளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வார். அவருடைய சொந்த வருமான வரிக் கணக்கை மைத்துனர் போட்டுக்கொடுக்கிறார்.

இவரை நேரில் பார்க்க முடியாதவர்கள் வானொலியில் கேட்கலாம். இரவும் பகலும் விளையாட்டுப் பேச்சுக்காகவே நியூயார்க்கில் 1987-இல் தொடங்கிய நிலையம் டபிள்யூஎஃப்ஏஎன். டிசம்பர் மாதத்து நடுநிசியில், குடும்பம் உறங்கியபிறகு, நம்மாள் சமையலறையிலிருந்து தாழ்ந்த குரலில் கூப்பிடுவார்.

"முதல் தடவை பேசறேன் சார், ரொம்ப வருஷமாக் கேட்டுட்டு வர்றேன். நம்ம மெட்ஸ்கிட்ட மூணு பேர் சும்மா இருக்காங்க. ஒருத்தருக்கு முழங்கால்ல கொஞ்சம் கோளாறு. ஒருத்தர் போன வருஷம் சரியா அடிக்கல. மூணாவது ஆள் ரொம்ப நல்ல பையன். மூணு பேரையும் பிட்ஸ்பர்க்குக்குக் குடுத்துட்டு பால் ஸ்கீன்ஸை வாங்கிட்டா என்ன?"

"பிட்ஸ்பர்க்காரங்க எதுக்குய்யா குடுக்கணும்?"

"ஒருத்தருக்கு மூணு பேர் கிடைக்குதே சார்! முழங்கால்காரர் சம்பளத்தை மட்டும் அவங்க பார்த்துக்கட்டும்."

ஸ்கீன்ஸ் 2024-இல், மேஜர் லீகின் ஒரு பிரிவான தேசிய லீகின் சிறந்த புதுமுகம். 2025-இல் அதே லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை வாங்கியவர். அதெல்லாம் நம்மாளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்ததனால்தான் கேட்கிறார். மூன்று ஓட்டைக் குடங்களைக் கொடுத்து ஒரு வெள்ளிக் குடம் கேட்பதில் அவருக்குக் கூச்சமே இல்லை. எதிர்த் தரப்பிலிருந்து ஒருவர், "சரி, உங்க கீழ்மட்ட அணியில ஒரு பத்தொன்பது வயசுப் பையன் இருக்கானே, அவனையும் சேர்த்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டால்தான் முகம் கறுத்துவிடும். அந்தப் பையன் டொமினிகன் குடியரசிலிருந்து வந்தவன். நம்மாள் அவன் ஆடி ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பதினைந்து நொடி வீடியோ ஒன்று பார்த்திருக்கிறார், அதில் பாதி நேரம் அவன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். ஆனாலும் அவன் வருங்கால மகாபுருஷன், கொடுக்க முடியாது. நான்கு வருஷம் கழித்து அவன் தேறாமல் போய், முழங்கால்காரர்களோடு மூன்றாவது ஆளாக, 'ரொம்ப நல்ல பையன்' என்ற தகுதியில் வானொலியில் விலைக்கு வருவான்.

பேரம் பேசுகிறவருக்குப் பழைய நஷ்டக் கணக்கு முக்கியம். மெட்ஸ்காரர் அதில் பெரும் பணக்காரர். 1971 டிசம்பரில் அந்த அணி ஜிம் ஃப்ரெகோசி என்ற ஆட்டக்காரரை வாங்குவதற்காக நான்கு பேரைக் கொடுத்தது. நால்வரில் ஒருவர் நோலன் ரயன். அவர் 1993 வரை பந்து வீசி 5,714 தடவை மட்டைக்காரர்களை 'ஸ்ட்ரைக்அவுட்' ஆக்கி வெளியேற்றினார். இன்றைக்கும் அதுதான் சாதனை. எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத 'நோ-ஹிட்டர்' ஆட்டங்கள் ஏழு வீசினார், எல்லாம் மெட்ஸை விட்டுப் போனபிறகு. மெட்ஸ் அணிக்கோ, 1962-இல் பிறந்ததிலிருந்து முதல் நோ-ஹிட்டர் கிடைப்பதற்கு 2012 ஆகிவிட்டது. இந்த ட்ரேட் நடந்தபோது நம்மாள் பிறக்கவேயில்லை. இருந்தாலும் "அப்பவே சொன்னேன், கேட்டாங்களா?" என்று பேச்சைத் தொடங்குவார்.

இதே மெட்ஸின் வரலாற்றில் முழு நியாயமான ட்ரேட் ஒன்றும் உண்டு. 1962-இல் கிளீவ்லாண்டிலிருந்து ஹாரி சிட்டி என்ற கேட்ச்சரை வாங்கினார்கள். பதிலுக்கு ஒரு ஆட்டக்காரரைத் தருவதாகவும், பெயரைப் பின்னால் சொல்வதாகவும் ஏற்பாடு. ஜூன் மாதம் பெயரைச் சொன்னார்கள்: ஹாரி சிட்டி. தனக்குப் பதிலாகத் தானே போய்ச்சேர்ந்தார் மனிதர். அந்த வருஷம் 120 ஆட்டம் தோற்ற அணி அது. இந்த ஒரு விஷயத்திலாவது சேதாரமில்லாமல் தப்பித்தது.

பாஸ்டன்காரரிடம் வாயைக் கொடுக்கவேண்டாம். அவர் 1920-இல் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸிடம் விற்றதிலிருந்து ஆரம்பித்து, 2020-இல் முக்கி பெட்ஸை டாட்ஜர்ஸிடம் கொடுத்ததில் முடிப்பார். இடையில் நூறு வருஷம் இருக்கிறது.

அடுத்தது வதந்தி. 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிட்ட ஷோஹேய் ஓட்டானி எந்த அணிக்குப் போவார் என்று உலகமே காத்திருந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தனி விமானம் டொராண்டோவுக்குக் கிளம்பியிருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். போதாதா? ஆயிரக்கணக்கான டொராண்டோ ரசிகர்கள் வேலையைப் போட்டுவிட்டு, திரையில் நகர்கிற ஒரு சின்ன விமானப் படத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டானி அதில் வருகிறார் என்று செய்தியே வந்துவிட்டது. விமானம் இறங்கியது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்தவர் ராபர்ட் ஹெர்யாவெக் என்ற கனடியத் தொழிலதிபர். பாவம், தன் பாட்டுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மறுநாள் ஓட்டானி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் சேர்வதாக அறிவித்தார். 2025 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில், அதே டொராண்டோவை அதே டாட்ஜர்ஸ் தோற்கடித்தது. வேறு ஊராக இருந்தால் விமான நிலையத்தையே இழுத்து மூடியிருப்பார்கள்.

ஓட்டானியின் ஒப்பந்தம் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடியை ஆடுகிற காலத்தில் தரமாட்டார்கள். 2034-இலிருந்து 2043 வரை பிரித்துக் கொடுப்பார்கள். இதைக் கேட்டு மற்ற ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்தபோது மெட்ஸ்காரர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. தவணை விஷயத்தில் அவர்தான் மூத்தவர். பாபி பொனிலா என்ற ஆட்டக்காரருக்குத் தரவேண்டிய 59 லட்சம் டாலரை 2000-இல் கொடுத்துத் தீர்க்காமல், வட்டியோடு பின்னால் தருகிறோம் என்றது அணி. பொனிலா 2001-இல் ஆட்டத்தையே விட்டுவிட்டார். 2011-இலிருந்து ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் சுமார் 11.9 லட்சம் டாலர் அவர் கணக்கில் விழுகிறது. 2035 வரை விழும். நம்மாள் அந்தத் தேதியைப் 'பொனிலா தினம்' என்று கொண்டாடுகிறார். தனக்கு வரவேண்டியது போலச் சந்தோஷம்.

சான் பிரான்சிஸ்கோக்காரர் 2022 டிசம்பரில் பட்ட பாட்டை விரோதிக்கும் விரும்பமாட்டோம். முதலில் யாங்கீஸ் ஆட்டக்காரர் ஏரன் ஜட்ஜ் இவர்கள் ஊருக்கு வருவதாகப் பிரபல நிருபர் ஒருவர் அவசரச் செய்தி போட்டார். பெயரில் எழுத்துப் பிழை வேறு. சில நிமிஷங்களில் செய்தி வாபஸ். ஜட்ஜ் ஒன்பது வருஷம், 36 கோடி டாலருக்கு யாங்கீஸிலேயே தங்கிவிட்டார். போனால் போகட்டும் என்று கார்லோஸ் கொரேயா என்ற ஆட்டக்காரரை 13 வருஷம், 35 கோடிக்குப் பேசி முடித்தார்கள். நிருபர்களுக்குச் சொல்லியனுப்பிய தினத்தன்று காலையில் எல்லாம் நின்றுபோயிற்று: மருத்துவப் பரிசோதனையில் பழைய கணுக்கால் காயம் உறுத்துகிறதாம். அதற்குள் மெட்ஸ் முந்திக்கொண்டு 12 வருஷம், 31.5 கோடி என்றது. அங்கேயும் அதே டாக்டர், அதே கணுக்கால் கதை. கடைசியில் ஜனவரியில் அவர் தன் பழைய மினசோட்டா அணிக்கே ஆறு வருஷம், 20 கோடிக்குத் திரும்பினார். அந்த மூன்று வாரமும் அமெரிக்காவின் இரு கரைகளிலும் கணுக்கால் நிபுணர்கள் பெருகிவிட்டார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்க்காமலே, "உலோகத் தகடு வெச்ச கால் பன்னிரண்டு வருஷம் தாங்காது" என்று தபால்காரர் தீர்ப்புச் சொன்னார். "எங்க மாமாவுக்கு முப்பது வருஷமாத் தாங்குது" என்றார் முடிவெட்டுகிறவர். இரண்டு பேரும் தீவிர மெட்ஸ்காரர்கள்.

நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸின் ரசிகர் சுபாவம் வேறு. அவருக்குக் கிடைத்தது எல்லாம் நியாயம், கிடைக்காதது எல்லாம் மட்டம். 2024 முழுக்க ஹுவான் சோட்டோவை அவர் தலையில் வைத்துக் கொண்டாடினார். டிசம்பரில் சோட்டோ 15 வருஷம், 76.5 கோடி டாலருக்கு, அதுவும் பக்கத்து வீட்டு மெட்ஸுக்கே போய்விட்டார். ஒரே ராத்திரியில் அவருடைய ஃபீல்டிங் மோசமாகிவிட்டது, கால் வேகம் குறைந்துவிட்டது, குணமும் சரியில்லை. "பணத்துக்காகப் போயிட்டான்யா" என்று யாங்கீஸ்காரர் சொல்லும்போது, பணம் என்ற பொருளையே அவருடைய அணி தொட்டதில்லை என்று தோன்றும்.

இந்த இடத்தில் மட்டும் எனக்கு இவர்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அணி ஒருவரைத் தூக்கி வேறு ஊருக்கு அனுப்பினால் அது வியாபாரம், ஆட்டக்காரர் தானாகப் போனால் துரோகம். 1969-இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியபோது அவர் போகமாட்டேன் என்றார். பன்னிரண்டு வருஷம் ஆடிய ஊரிலிருந்து தன்னை ஒரு சாமான் மாதிரி இடம் மாற்றக்கூடாது என்று வழக்குப் போட்டார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆட்ட வாழ்க்கையும் போயிற்று. 1975 டிசம்பரில் வேறு இரண்டு பிட்ச்சர்களின் தகராறில் மத்தியஸ்தர் அளித்த தீர்ப்புதான் ஆட்டக்காரர் தானாக அணி மாறுவதற்குக் கதவைத் திறந்தது. அந்தக் கதவு திறக்காவிட்டால் நம்மாளுக்குப் பனிக்காலத்தில் பேச விஷயமே பாதிதான். ஃப்ளட்டின் பெயரைச் சொன்னால் ஒரு நிமிஷம் தலையாட்டிவிட்டு, "அது சரி, அந்த மூணு பேரைக் குடுத்தா..." என்று திரும்பிவிடுகிறார்.

ஏஜென்ட் என்று இன்னொரு வர்க்கம் இருக்கிறது. அவர்களில் தலைசிறந்தவர் ஸ்காட் போரஸ். சோட்டோவின் ஏஜென்டும் அவரே. விலை ஏறவேண்டிய வேளை பார்த்து எங்கிருந்தோ ஒரு 'மர்ம அணி' கிளம்பி வரும். அது எந்த அணி என்று யாரும் சொல்லமாட்டார்கள். மர்ம அணி என்று காதில் விழுந்ததும், முப்பது அணிகளின் ரசிகர்களும் அது தங்கள் அணிதான் என்று முடிவுகட்டித் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

பிப்ரவரியில் முகாம் திறந்ததும் நம்மாளின் உத்தியோகம் போய்விடுகிறது. மார்ச் கடைசியில் உண்மையான ஆட்டம் ஆரம்பிக்கிறது, ஏப்ரல் முதல் வாரத்தில் மூன்று தோல்வி வருகிறது, "அந்த ஷார்ட்ஸ்டாப்புக்கு எவன்யா 30 கோடி குடுத்தது?" என்று இவரே கேட்கிறார். இவருக்குப் பிடித்தது பேஸ்பாலே அல்லவோ என்று எனக்குச் சந்தேகம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அவருடைய அணி ஒரு ஆட்டமும் தோற்பதில்லை. அந்தச் சுகம் பழகிவிட்டது.

ஜனவரியில் குயின்ஸ் போகும் ஏழாம் எண் ரயிலில் ஏறினால், மெட்ஸ் தொப்பி போட்டவர் பக்கத்தில் உட்காருங்கள், தப்பில்லை; நல்ல மனிதர்கள். "இந்த வருஷம் உங்க டீம் எப்படி?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டால், உங்கள் நிறுத்தம் எதுவானாலும் கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங்கில்தான் இறங்குவீர்கள்.