எக்ஸ் போட்ட குச்சி

வா மாப்ளே, உக்காரு. காப்பி வருது. அதுக்குள்ள அந்தப் புது டிரைவர் குச்சியைக் காட்டு, பாப்போம். ஷாஃப்ட்டுல ‘எக்ஸ்’னு போட்டிருக்கானே, பனியன் சைஸா?

மொறைக்காத. கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துல நாப்பது வருசம் பை தூக்கினவன் கேக்குறேன். 1895-ல ஆரம்பிச்ச கிளப்பு அது. எத்தனையோ எக்ஸ்காரவுகளைப் பாத்தாச்சு. அவுக அடிச்ச பந்தைத் தேடி வலப்பக்கக் காட்டுக்குள்ள போயி, காட்டெருமைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வெறுங்கையோட வந்தவன் நாந்தான்.

அந்த எழுத்து குச்சியோட வெறைப்பைச் சொல்றது. எக்ஸு யாருக்குன்னா, டிரைவர் தலை மணிக்கு 105 மைலுக்கு மேல பறக்குற மாதிரி வீசுறவனுக்கு. உன் வேகம் எம்புட்டு? 88-ஆ? அப்ப ‘ஆர்’ போதும். ஆருன்னா கௌரவக் கொறச்சலா? அதுக்குங்கீழ ‘ஏ’ன்னு ஒண்ணு இருக்கு, வயசானவுகளுக்கு. உங்க எம்.டி.க்கு அதுதான் பொருத்தம். போயி அவருகிட்டச் சொல்லிராத.

நீ வீசி இறக்குறப்ப குச்சி வளையும், தலை பின்தங்கும். பந்துகிட்ட வர்றப்ப நிமிந்து, கொஞ்சம் முன்னால வளைஞ்சு, பந்தை ஏத்தி விடும். உன்னோடது உலக்கை, எங்கிட்டு வளையும்? பந்து தாழப் போகும், தலையோட முகம் மூட நேரமில்லாம வலப்பக்கம் ஒதுங்கும். ரொம்பத் தொளதொளன்னு இருந்தா ஒசரப் போயி இடப்பக்கம் ஓடும். இதுக்குப் போயி வாத்தியாரை மாத்துனியாமே?

அந்த எழுத்தையும் முழுசா நம்பாத. ஆருக்கு அடுத்த வெறைப்பு ‘எஸ்’; ஒரு கம்பெனி எஸ் இன்னொரு கம்பெனிக்கு ஆர். எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவுகோலே கிடையாது. ரெடிமேட் சட்டை மாதிரிதான், போட்டுப் பாத்துத்தான் வாங்கணும்.

வேகம் மட்டும் பாத்தாலும் பத்தாது. கெணத்துல ரெண்டு பேரு தண்ணி எறைக்கிறாக. ஒருத்தன் நிதானமா இழுக்குறான், ஒருத்தன் வெடுக்குன்னு இழுக்குறான். வாளி வர்ற நேரம் ஒண்ணுதான்; கயிறு யாருக்கு அறும்? வீச்சுலயும் மேல போயி வெடுக்குன்னு திருப்புறவனுக்குக் கொஞ்சம் வெறைப்பு வேணும். உனக்கு வெடுக்கு வாயிலதான் இருக்கு. எடையும் அப்படித்தான். டிரைவர் காம்பு 50 கிராம்ல இருக்கு, 70 கிராம்லயும் இருக்கு. பதினாலாவது குழியில தோள் கழண்ட பெறகு அந்த 20 கிராம் பேசும்.

கடையில அளந்துதான் வாங்குனேன்னு சொல்லுவ. தெரியும். வலை கட்டுன ரூம்பு, எதுத்தாப்புல கம்ப்யூட்டர், பக்கத்துல கூட்டாளி. பொண்ணு பாக்கப் போன மாப்ளைக்குக் கஞ்சி போட்ட சட்டை மாதிரி, மூச்சை அடக்கி ஒரே ஒரு வீச்சு. அந்த வீச்சுக்கு அளவெடுத்துக் குடுத்துட்டான். அவன் மேல தப்பில்ல. தெனமும் ஆடுற ஆளு வேற, அன்னைக்குக் கடைக்குப் போன ஆளு வேற. மம்பட்டிக்குக் காம்பு போடப் போனா ஆசாரி மொத உன் கையைப் பாப்பாரு, மீசையைப் பாக்க மாட்டாரு.

பாபி ஜோன்ஸு 1930-ல ஒரே வருசத்துல நாலு பெரிய பட்டத்தையும் ஹிக்கரி மரக்காம்பை வச்சே அடிச்சாரு. இரும்புக் காம்புக்கு அனுமதி வந்தப்பறமும்தான். ஒவ்வொண்ணா ஆட்டி ஆட்டி, கைக்குப் படிஞ்சதைப் பொறுக்கி வச்சிருந்தாரு. எழுத்தைப் பாத்து வாங்கல.

நீ நேத்து இங்க ஒண்ணு தூரமா அடிச்சியே, அதையும் கணக்குல சேக்காத. 7,000 அடி ஒசரம் மாப்ளே, காத்து லேசு, யாரு அடிச்சாலும் கூடத்தான் போகும்.

இந்தா காப்பி. நாளைக்குக் கீழ போனதும் பத்து வீச்சு சாதாரணமா வீசி அளக்கச் சொல்லு. அந்த எக்ஸை மட்டும் தூர எறிஞ்சிராத. பின்னால சவ்சவ் பந்தலுக்கு ஒரு கால் கொறையுது, வளையாததாத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.