எக்ஸெல்ல போட்டுக் குடுங்க

டேட்டா துறையில் என் வேலை மாறவே இல்லை. விசிட்டிங் கார்டுதான் மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்கு வந்த புதிதில் நான் எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ். மாதக் கடைசியில் கணக்கெடுத்து மேலே அனுப்புகிறவன் என்று பொருள். அதே கணக்கைக் கலர் கலர் வட்டங்களாகப் போட்டுக் காட்டியதும் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் அனலிஸ்ட் ஆனேன். 2012 அக்டோபரில் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' பத்திரிகை, டேட்டா சயின்டிஸ்ட்தான் 21-ஆம் நூற்றாண்டின் ஆகக் கவர்ச்சியான வேலை என்று எழுதியது. அடுத்த அப்ரைசலில் நானும் டேட்டா சயின்டிஸ்ட். சம்பளம் ஏறவில்லை. கவர்ச்சி விஷயத்தில் என் வீட்டில் இன்றுவரை யாரும் அந்தப் பத்திரிகையோடு உடன்படவும் இல்லை. இப்போது கார்டில் 'ஏஐ' என்று இருக்கிறது.

கார்டு எதுவானாலும் காலையிலிருந்து சாயங்காலம்வரை நடப்பது ஒன்றுதான். ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது போல, வந்து குவிகிற டேட்டாவில் கல் பொறுக்குவது.

முருகன் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் அவர் கே. முருகன். பான் கார்டில் முருகன் கந்தசாமி. இன்ஷூரன்ஸில் கந்தசாமி முருகன். கேஸ் புக்கில் முருகன் கே. 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்டு ஃபாரம் தயாரித்தவர்களுக்கு, உலகத்தில் இன்ஷியல் என்று ஒரு சமாச்சாரம் இருப்பதை யாரும் சொல்லவில்லை. கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒரு புள்ளி வைப்பார்கள். அப்பா பெயரைப் போடுவார்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் தன் பெயரையே இன்னொரு தடவை போட்டு முருகன் முருகன் ஆகிவிடுவார்கள். பிறகு ஒருநாள், காலஞ்சென்ற கந்தசாமிக்கு மகனின் தேதியில் பிறந்தநாள் வாழ்த்து போய்ச் சேரும், பர்சனல் லோன் வேண்டுமா என்ற விசாரிப்போடு. இத்தனை முருகன்களையும் பிடித்து ஒரே முருகனாக்குவதற்குத் துறையில் 'கஸ்டமர் 360' என்று பெயர். கேட்டால் விண்வெளித் திட்டம் மாதிரி இருக்கும். உண்மையில் ஒரு புள்ளியை அழிக்கிற வேலை.

பிறந்த தேதி இன்னும் விசேஷம். தேதி எழுதாமல் விட்ட இடத்தில் பல புரோகிராம்கள் தாமாகவே 1900 ஜனவரி 1 என்று போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்குப்படி, நூற்றிருபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக டூ-வீலர் லோனுக்கு விண்ணப்பித்திருப்பார்கள். எல்லாரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். பலருடைய போன் நம்பரும் ஒன்றே: வரிசையாகப் பத்து ஒன்பது. இந்த டேட்டாவைக் கையில் கொடுத்து, "வாடிக்கையாளரோட மனசைப் படிக்கிற மாதிரி ஒரு மாடல் பண்ணுங்க" என்பார்கள். படித்தேன். அந்தப் பெரியவர்களுக்குப் பைக்கில் தீராத ஆசை.

2006-இல் கிளைவ் ஹம்பி என்ற இங்கிலாந்துக் கணிதக்காரர், டேட்டாதான் புதிய எண்ணெய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். கச்சா எண்ணெயை அப்படியே ஊற்றினால் வண்டி ஓடாது என்பதை யோசிக்காமல், உலகமே டேட்டாவைச் சேர்த்துவைக்கக் கிளம்பியது. எதற்கு என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எல்லாவற்றையும் கொட்டுங்கள் என்று ஒரு ஏற்பாடு வந்தது. பெயர் டேட்டா லேக். ஏரியில் எல்லாவற்றையும் கொட்டினால் என்ன ஆகும் என்று சென்னைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மிச்சமிருப்பது தெரியும். பிறகு டேட்டா லேக்ஹவுஸ் வந்தது. ஏரிக்குள் வீடு கட்டுவதை ஏதோ கலிபோர்னியாவில் கண்டுபிடித்த மாதிரி ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். வேளச்சேரியிலிருந்து வரும் நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டினோம்.

இத்தனையும் கட்டி, கோடிக்கணக்கில் செலவு செய்து, டேஷ்போர்டைப் பெரிய திரையில் ஓடவிட்டுக் காட்டுவோம். வரைபடம் சுழலும், கோடுகள் ஏறி இறங்கும். எதிரில் உட்கார்ந்திருக்கும் கிளையண்ட் பொறுமையாகப் பார்ப்பார். முடிந்ததும் சொல்வார்: "ரொம்ப நல்லாயிருக்கு சார். இதை அப்படியே எக்ஸெல்ல போட்டுக் குடுத்துடுங்க."

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? உலகமே எக்ஸெலில்தான் ஓடுகிறது. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் ஃபைலில் ஏற்றினார்கள். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் கழன்றுகொண்டன. ஏறக்குறைய 16,000 பேரின் தொற்று உரிய நாளில் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் அதனால் தள்ளிப்போனது. அதே ஆண்டு மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவுக்கு வேறொரு தலைவலி. 'மார்ச் 1', 'செப்ட் 1' என்றெல்லாம் சில மரபணுக்களுக்குப் பெயர். விஞ்ஞானிகள் அதை டைப் அடித்தால் எக்ஸெல் உடனே தேதியாக மாற்றிவிடும். குழு யோசித்தது. எக்ஸெல் திருந்தாது என்று முடிவு கட்டி மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டது. அந்தத் தானியங்கிச் சேட்டையை நிறுத்திவைக்க மைக்ரோசாஃப்ட் ஒரு வசதி கொடுத்தது 2023-இல்தான். மனித மரபணுவையே பணியவைத்த சாஃப்ட்வேரிடம் என் டேஷ்போர்டு எம்மாத்திரம்?

இந்த நிலவரத்தில்தான் ஏஐ வந்து இறங்கியிருக்கிறது. இறங்கியது நேற்றல்ல. 1955-இல் ஜான் மெக்கார்த்தியும் இன்னும் மூவரும் சேர்ந்து பண உதவி கேட்டு ஒரு திட்டம் எழுதினார்கள். 1956 கோடையில் டார்ட்மவுத் கல்லூரியில் பத்துப் பேர் இரண்டு மாதம் சேர்ந்து உட்கார்ந்தால், மனிதனைப் போல மொழியைக் கையாளும், தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்ளும் இயந்திரங்கள் விஷயத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணலாம் என்பது கணக்கு. அந்த இரண்டு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் எஸ்டிமேட் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் எங்கள் சேல்ஸ் ஆட்கள் கிளையண்டிடம் கூசாமல் சொல்வது அதேதான்: பத்துப் பேர், ரெண்டு மாசம்.

பெயரை மாற்றினால் பணம் வரும் என்பது துறையில் நிரூபிக்கப்பட்ட உண்மை. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற குளிர்பானக் கம்பெனி, லாங் பிளாக்செயின் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரே நாளில் பங்கு விலை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. டீ அதே டீதான். 2019-இல் லண்டனின் எம்எம்சி வென்ச்சர்ஸ், ஏஐ கம்பெனிகள் என்று சொல்லப்பட்ட 2,800-க்கும் மேற்பட்ட ஐரோப்பிய நிறுவனங்களை அலசிப் பார்த்தது. சுமார் 40 சதவீதத்தில் ஏஐ இருந்ததற்கான தடயமே இல்லை. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம், இல்லாத ஏஐ-யை இருப்பதாகச் சொன்ன இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்களிடம் மொத்தம் 4 லட்சம் டாலர் அபராதம் வசூலித்தது. நம் பக்கமும் சளைத்ததல்ல. 'அறுபது வயதுக்கு மேல் என்றால் லோன் கிடையாது' என்று யாரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்த இஃப்-எல்ஸ் புரோகிராம் ஒன்றுக்கு, 'ஏஐ ரிஸ்க் இன்ஜின்' என்று பெயர் சூட்டிக் காதுகுத்து நடத்தியதை என் கண்ணால் பார்த்தேன். கேக்கும் வெட்டினார்கள்.

ஏஐ மொத்தமும் புருடா என்று சொல்ல வரவில்லை. நான் அரை மணி நேரம் தலையைச் சொறிந்து எழுதுகிற எஸ்கியூஎல் குவெரியை அது அரை நிமிடத்தில் எழுதித் தருகிறது. சிக்கல் என்னவென்றால், டேட்டாவில் நாலு முருகன் இருந்தால் அது நாலு முருகனையும் நம்பி, நாலு பேருக்கும் சேர்த்து அடித்துப் பேசுகிறது. என் ஜூனியர் பையனுக்குத் தெரியாவிட்டால், "தெரியல ஜி, கேட்டுச் சொல்றேன்" என்பான். இது அப்படித் தயங்குவது அபூர்வம்.

தயங்காமல் பேசியதன் விலையை ஏர் கனடா கொடுத்தது. 2022-இல் பாட்டியை இழந்த ஒருவர், அந்த விமான நிறுவனத்தின் சாட்பாட்டிடம் துக்கச் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். டிக்கெட் வாங்கிய பிறகும் 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது பாட். விண்ணப்பித்தார். அப்படியெல்லாம் விதி இல்லை என்று நிறுவனம் கைவிரித்தது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, சாட்பாட் ஒரு தனி ஆள், அது பேசியதற்கு அதுதான் பொறுப்பு என்கிற தோரணையில் நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உங்கள் வலைத்தளத்தில் இருப்பதற்கெல்லாம் நீங்களே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் பணத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டது. லாபம் வந்தால் நம் கம்பெனி ஏஐ, நஷ்டம் வந்தால் அது யாரோ மூன்றாம் மனிதர் என்ற இந்தத் தத்துவம், சில குடும்பங்களில் மகனைப் பற்றிப் பேசும்போது மட்டுமே நான் கேட்டது.

என் மாமனார் ரிட்டயர்டு தாசில்தார். பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்: "மாப்ளே, ஏஐ வந்தா உங்க வேலையெல்லாம் போயிடுமாமே?"

"மாமா, உங்க பேரு பட்டாவுல எப்படி இருக்கு, ஆதார்ல எப்படி இருக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "பட்டாவுல இன்னும் எங்க தாத்தா பேர்லதான் இருக்கு."

"அப்ப எனக்கு வேலை இருக்கு மாமா."

உங்களிடமும் ஏஐ விற்க யாராவது வருவார்கள். வந்தால் ரெண்டே கேள்வி கேளுங்கள். இதற்கு டேட்டா எங்கிருந்து வருகிறது, அதில் கல் பொறுக்கியது யார்? இது தப்பாகச் சொன்னால் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடப்போவது யார்? இரண்டுக்கும் ஆள் பெயரோடு பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள். வராவிட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்படியே இன்னொரு உபகாரம்: எந்த ஃபாரம் நிரப்பினாலும் உங்கள் பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சிக்கு உங்களால் செய்ய முடிந்த மிகப் பெரிய சேவை அதுதான்.