இதோ வந்துடறேன்

அரசு அலுவலகத்தில் ஒருவர் சீட்டில் இல்லை என்பதை நிரூபிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாற்காலி முதுகில் துண்டு தொங்கும். மேசை மேல் திறந்த ஃபைல், அதன்மேல் மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். "சார் எங்கே?" என்று கேட்டால் பக்கத்து சீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, "இப்பத்தான் இருந்தாரு, இங்கதான் எங்கயாவது இருப்பாரு" என்பார். அந்த 'இங்கதான்' எதிர்சாரி டீக்கடை வரை விரியக்கூடியது. கண்ணாடி இல்லாமல் மனிதர் எப்படி ரோட்டைக் கடந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவரிடம் இன்னொரு கண்ணாடி உண்டு.

கம்ப்யூட்டர் வந்தபிறகு இந்தக் கலைக்குச் சோதனைக் காலம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் துண்டும் கண்ணாடியும் செல்லாது. சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். சில நிமிடம் மௌஸைத் தொடாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். மேனேஜர்கள் சிலர் வேலையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, புள்ளியைப் பார்க்கிறார்கள். மனிதன் சும்மா இருப்பானா? ஆள் இல்லாதபோதும் மௌஸை ஆட்டிக்கொண்டே இருக்க 'மௌஸ் ஜிக்லர்' என்று ஒரு கருவியைக் கண்டுபிடித்துவிட்டான். 2024-ல் அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்று, கீபோர்டில் வேலை நடப்பதுபோலப் பாவனை காட்டினார்கள் என்று சொல்லி பத்துப் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. துண்டு போட்டு இடம் பிடித்ததற்காக நம்மூரில் யாருக்கும் சீட்டு கிழிந்ததாகத் தெரியவில்லை.

எழுந்து போகிறவர்கள் பக்கம் விஞ்ஞானம் இருக்கிறது என்பதுதான் இதில் விசேஷம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு ஒரு தலைவலி. ரேடார் திரையில் எதிரி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுகிறவர்கள், நேரம் ஆக ஆக, கண்ணெதிரே தெரிந்ததையே கோட்டை விட்டார்கள். நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளரிடம் இந்தப் பிரச்சினை வந்தது. அவர் கடிகாரம் மாதிரி ஒரு வட்டு செய்தார். முள் ஒவ்வொரு துள்ளலாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல் போடும். அதைக் கண்டதும் ஒரு விசையை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரை மணி தாண்டியதுமே ஆட்கள் தவறவிட ஆரம்பித்தார்கள். அரை மணி பார்த்து, அரை மணி ஓய்வெடுத்து, மறுபடி உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சரிவு வரவில்லை. 1948-ல் முடிவை வெளியிட்டார். மாதாந்திர ரிவ்யூ மீட்டிங் நடத்துகிறவர்கள் யாரும் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. மாக்வொர்த்தின் கடிகாரத்திலாவது அவ்வப்போது இரட்டைத் துள்ளல் உண்டு.

இதே போர்க்காலத்தில், டென்வர் நகரில் ஃபில் கிரைனெட்ஸ் என்பவர் கழுத்து டை நெய்யும் தறிக்கூடம் நடத்தினார். பேர் 'லாஸ் விக்வாம் வீவர்ஸ்'. இளவட்டங்கள் பட்டாளத்துக்குப் போய்விட, வயதான ஆண்களை வைத்துப் பார்த்தார்; டிசைன் கைகூடவில்லை. நடுத்தர வயதுப் பெண்களை அமர்த்தினார். வேலை சுத்தம், ஆனால் சாயங்காலம் வரை உடம்பு தாங்கவில்லை. கூப்பிட்டு வைத்துக் கேட்டார். "காலையில கால் மணி, சாயங்காலம் கால் மணி விடுங்க, காபி கொடுங்க" என்றார்கள். விட்டதும் உற்பத்தி எகிறியது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம், இடைவேளையைக் கட்டாயமாக்கினார். கையோடு, அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்றும் வைத்துக்கொண்டார்! அரசாங்கம் வழக்குப் போட்டது. இடைவேளையால் லாபம் அடைந்தது நீரும்தான், அதற்கும் சேர்த்துக் கூலி கொடும் என்று 1956-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. டீ குடிக்கும் நேரத்தைச் சம்பளத்தில் கழித்துப் பார்க்கும் முதலாளி புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கணித மேதை ஹென்றி பொயின்கரே கதை வேறு மாதிரி. பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு கணக்கை மறந்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார். கூதான்ஸ் என்ற ஊரில் பஸ் படியில் கால் வைத்த நொடியில் அதைப் பற்றி ஒரு புது யோசனை தோன்றியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது குதிரை இழுக்கும் பஸ். காலை ஒன்பது மணிக்கு நம்மூர் மாநகரப் பேருந்தின் படியில் கால் வைக்க இடம் கிடைப்பதே ஒரு கண்டுபிடிப்பு. கணக்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் இன்றைக்கு நடப்பது இடைவேளையே இல்லை. பெரிய திரையிலிருந்து கண்ணை எடுத்து, பையிலிருக்கும் சின்னத் திரையில் வைப்பதற்குப் பெயர் ஓய்வு என்கிறார்கள். "ரெண்டு நிமிஷம்" என்று ரீல்ஸைத் திறந்தவர், யாரோ ஒருவர் மீன் வெட்டுவதையும், இன்னொருவர் வீடு கட்டுவதையும், மூன்றாமவர் இரண்டையும் திட்டுவதையும் பார்த்துவிட்டு நிமிரும்போது மீட்டிங் பாதி முடிந்திருக்கும். களைப்பும் அப்படியே இருக்கும். இத்தாலிக்காரர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி உருவத்தில் இருந்த சமையலறை டைமரைத் திருகி வைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று பழகினார். உலகெங்கும் இன்று பலர் அந்த முறையைப் பின்பற்றுகிறார்கள். அந்த டைமரில் நோட்டிஃபிகேஷன் வராது. பாதி வெற்றி அதனால்தான் என்பது இந்தக் கட்டுரையாளரின் தாழ்மையான அபிப்பிராயம்.

டீக்கடை இந்த விஷயத்தில் தோற்காது. "மாஸ்டர், ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சக்கரை கம்மி" என்று சொல்லிவிட்டு நிற்கும் நேரத்தில் கண்ணுக்குத் தூரம் கிடைக்கிறது, காலுக்கு நடை கிடைக்கிறது, வாய்க்கு மேனேஜர் கிடைக்கிறார். ஒரு கையில் சூடான கிளாஸ், இன்னொரு கையில் எண்ணெய் வடியும் வடை. போனை எடுக்க மூன்றாவது கை இல்லை.

இதையெல்லாம் பேசுவது உட்கார்ந்தே களைத்தவர்கள். நின்றே களைத்தவர்களும் இருக்கிறார்கள். ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் வேலை பார்க்கும் பெண்கள், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' அமைப்பினர் இதை எதிர்த்துப் போராட, 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது: ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம். நாற்காலியில் உட்கார ஒரு சட்டம்!

அதனால் அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், முதலாளி எங்கே என்று தேடாதீர்கள். ஐந்து நிமிடம் நீங்களும் உட்காருங்கள். புடவை எங்கேயும் போய்விடாது.