பேருந்துக்கு வெள்ளை, முதல்வருக்குக் கறுப்பு

பளிச்சென்ற நிறத்தில் கார் வாங்கினால் போலீஸ் அடிக்கடி கைகாட்டுமா? ஷோரூமில் ஆரஞ்சையும் மஞ்சளையும் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, 'வெள்ளையே எடு, வம்பு வேண்டாம்' என்ற மாமனாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வீடு திரும்பும் நடுத்தர வர்க்கத்தின் நிரந்தரச் சந்தேகம் இது.

அமெரிக்காவிலும் இதே பேச்சு உண்டு. அங்கே பலி சிவப்புக் கார். சிவப்பு என்றால் அபராதம் அதிகம், இன்சூரன்ஸ் பிரீமியம் அதிகம் என்பார்கள். ஆனால் பிரீமியம் போடும் கம்பெனி நிறத்தைக் கேட்பதே இல்லை. இந்தியாவிலும் எஞ்சின் எத்தனை சி.சி., வண்டிக்கு என்ன வயது, எந்த ஊர்ப் பதிவு என்றுதான் கேட்கிறார்கள். காசு போட்டவன் நிறத்தை நம்பவில்லை.

சந்தேகம் தீர அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், காந்தி பார்க் ஓரமாக ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

நிறத்தைச் சொல்லிப் பேருந்து ஏறும் இடம் அது. 2021 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமான கேஎஸ்ஆர்டிசி சிட்டி சர்க்குலர் பேருந்துகளை விட்டபோது தடத்துக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். ரெட் சர்க்கிள், ப்ளூ சர்க்கிள், மஜந்தா, வயலெட் என்று வானவில்லையே பங்கு போட்டார்கள். அந்தப் பக்கம் பழவங்காடிப் பிள்ளையார், இந்தப் பக்கம் பத்மநாபசுவாமி கோயில், எதிரே சாலைக் கம்போளம் என்ற சந்தை. மூன்றுக்கும் நடுவே ஒரு போலீஸ்காரர். இத்தனை நிறங்கள் சுற்றிச் சுழலும்போது அவர் கண் எங்கே இருக்கிறது? நம்பர் பிளேட்டில். டிஎன் 74 என்று ஒரு வண்டி தலைகாட்டட்டும். நாகர்கோவில் பதிவு. அது வெள்ளையோ, ஊதாவோ, கிளிப்பச்சையோ, 'வண்டி ஒதுக்கு' என்ற குரல் வந்துவிடும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. மூன்றும் இருந்தால் சார் முகத்தில் ஒரு சோர்வு. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் இதை ஒரு சாலை வரி போலவே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். 1956 நவம்பர் 1 வரை அந்த மாவட்டமும் இதே திருவனந்தபுரத்தின் ஆட்சியில்தான் இருந்தது என்பதை அந்த நேரத்தில் சாரிடம் சொல்லிப் பயனில்லை.

தெய்வங்களுக்கு மட்டும் விலக்கு. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் எல்லை தாண்டிக் கிழக்கேகோட்டைக்கு எழுந்தருளுகிறார்கள். களியக்காவிளையில் கேரளப் போலீஸ் அணிவகுப்பு மரியாதை தருகிறது. துப்பாக்கி தூக்கி வணக்கம் வைக்கிறது. அதே தெய்வத்தைத் தொழ அதே சாலையில் காரில் பின்னால் வரும் பக்தனிடம் புகைச் சான்று கேட்கிறது. ஊர்வலத்து யானைக்குப் புகைச் சான்று கேட்காததில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

சரி, நிறத்துக்கு வருவோம். கேரள அரசுக்கு நிறத்தைப் பற்றிக் கொள்கையே உண்டு. ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று.

சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று 2020இல் மாநிலப் போக்குவரத்து ஆணையம் விதித்தது. டிராகனும் புலியும் சினிமா நடிகரும் பாய்ந்துவரும் பேருந்துகள் எதிரே வருபவரின் கவனத்தைச் சிதறடிக்கின்றனவாம். விதி வந்தது. கொரோனாவும் வந்தது. விதி படுத்துக்கொண்டது. அது எழுந்து உட்கார ஒன்பது உயிர் தேவைப்பட்டது.

2022 அக்டோபர் 5 இரவு. பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி. முளந்துருத்திப் பள்ளி மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து, முன்னால் போன கேஎஸ்ஆர்டிசி பேருந்தின் பின்னால் மோதியது. மாணவர்கள் ஐந்து பேர், ஆசிரியர் ஒருவர், அரசுப் பேருந்துப் பயணிகள் மூன்று பேர் செத்தார்கள். வண்டி அப்போது போன வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் யாரோ கைவைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. ஓட்டுநர் வேளாங்கண்ணிப் பயணம் முடித்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அந்த வண்டிமேல் மோட்டார் வாகனத் துறையின் ஏட்டில் ஏற்கெனவே வழக்குகள் இருந்தன. ஏடு இருந்தது. வழக்கு இருந்தது. துறை இருந்தது. வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தூக்கம் கெட்ட ஓட்டுநர், கட்டவிழ்ந்த வேகம், கண்மூடிய துறை. இந்த மூன்றில் எதைச் சரிசெய்வது என்று அரசு யோசித்தது. நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்தது: பெயிண்ட்.

சில நாட்களுக்குள் வெள்ளையடிக்காத பேருந்து சாலையில் ஓடக்கூடாது என்று கெடுபிடி. உயர்நீதிமன்றமும் கண்டிப்பு. லேசர் விளக்கையும் காதைக் கிழிக்கும் ஹாரனையும் கழற்றியது சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வெள்ளையடித்த பேருந்தும் மணிக்கு 97.7 கிலோமீட்டரில் போகும். வெள்ளையடித்த பேருந்தின் ஓட்டுநருக்கும் தூக்கம் வரும். பெயிண்ட் கடைக்காரர்களைத் தவிர இந்த நடவடிக்கையால் பாதுகாப்பு அடைந்தவர் யார் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். தனியார் பேருந்தின் படம் கவனத்தைச் சிதறடிக்கும் என்றால், மேலிருந்து கீழ்வரை நகைக்கடையும் புடவைக்கடையும் சுற்றிக்கொண்டு வரும் கேஎஸ்ஆர்டிசி பேருந்து? நீதிமன்றம் இதைக் கேட்டது. விளம்பரத்துக்கும் தடை போட்டது. கேஎஸ்ஆர்டிசி டெல்லிக்கு ஓடியது. வருமானம் போகிறதே என்று உச்சநீதிமன்றத்தில் முறையிட்டது. 2023 ஜனவரியில் அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. ஆக, தனியார் பேருந்தின் புலி உங்கள் கவனத்தைச் சிதறடிக்கும். அரசுப் பேருந்தின் வைர நெக்லஸ் சிதறடிக்காது. காரணம் எளிது. புலி வாடகை கொடுப்பதில்லை.

அடுத்தது அரசாங்கமே ஏறிய பேருந்து. 2023 நவம்பர் 18, மஞ்சேசுவரம். நவகேரள சதஸ் என்ற பெயரில் முதல்வர் பினராயி விஜயனும் மொத்த அமைச்சரவையும் மாநிலம் முழுவதும் சுற்றக் கிளம்பினார்கள். அதற்கு 1.05 கோடி ரூபாயில் ஒரு பென்ஸ் பேருந்து. கழிப்பறை, ஏறி இறங்க லிஃப்ட், முதல்வருக்குச் சுழலும் நாற்காலி. நிறம்? சாக்லேட் பழுப்பு. வெள்ளை விதி என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? விதிக்குத் தனி அறிவிக்கை போட்டு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஏழைத் தொழிலாளி கடன் வாங்கி ஓட்டும் பேருந்தின் பழுப்பு, விபத்து. அரசின் பழுப்பு, அந்தஸ்து. இந்தப் பேருந்தை அருங்காட்சியகத்தில் வைத்தால் லட்சக்கணக்கானோர் பார்க்க வருவார்கள் என்று மார்க்சிஸ்ட் மூத்த தலைவர் ஏ.கே. பாலன் பெருமைப்பட்டார். பயணம் முடிந்தது. 2024 மே மாதம் அதே வண்டியை 1,171 ரூபாய் டிக்கெட்டில் கோழிக்கோடு–பெங்களூரு தடத்தில் விட்டார்கள். பார்க்க வருவார்கள் என்ற லட்சம் பேரில் ஏறி உட்கார ஆள் கிடைக்கவில்லை. போதிய பயணிகள் இல்லாமல் ஓட்டத்தை நிறுத்த வேண்டி வந்தது.

இப்போது கறுப்பு. 2022 தொடக்கத்தில் முதல்வரின் அணிவகுப்புக் கார்கள் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறின. பாதுகாப்புக் கருதி, முன்னாள் டிஜிபி லோக்நாத் பெஹ்ராவின் பரிந்துரையாம். இன்னோவா போதாமல் அந்த ஆண்டே 33 லட்சத்துக்கு ஒரு கியா கார்னிவலும் சேர்ந்தது. அதுவும் கறுப்பு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. வெள்ளைக் காரைவிடக் கறுப்புக் கார் பகலிலேயே 12 சதவீதம் கூடுதலாக விபத்தில் சிக்குகிறது, விடியலிலும் அந்தியிலும் இந்த வித்தியாசம் இன்னும் பெருகுகிறது என்றது. சாலைப் பாதுகாப்புக்காகப் பேருந்துக்கு வெள்ளை பூசச் சொன்ன அரசு, பாதுகாப்புக்காகவே முதல்வருக்குக் கறுப்பு பூசியது. நம் பாதுகாப்பு வேறு. அவர்கள் பாதுகாப்பு வேறு. நிறத்தைப் பார்த்தாலே புரியும்.

கார் கறுப்பானதும் மற்றவர்களின் கறுப்பு உறுத்தத் தொடங்கியது. 2022 ஜூனில், தங்கக் கடத்தல் விவகாரம் சூடாக இருந்தபோது, முதல்வர் வந்த நிகழ்ச்சிகளில் கறுப்பு மாஸ்க் அணிந்தவர்களைக் கழற்றச் சொன்னது போலீஸ். கொரோனாவுக்காக மாஸ்க் போடு என்றது அரசு. முதல்வருக்காகக் கழற்று என்றது போலீஸ். பிறகு, கறுப்புக்குத் தடையே இல்லை என்றார் முதல்வர். நவகேரளப் பயணத்தில் கண்ணூர் பழயங்காடியில் கறுப்புக் கொடி காட்டிய இளைஞர்களை ஆளும் கட்சியின் இளைஞர் அணி ஹெல்மெட்டாலும் பூத்தொட்டியாலும் அடித்தது. போலீஸ் கொலை முயற்சி வழக்குப் போட்டது. முதல்வரோ அது உயிர் காக்கும் செயல் என்றார். கறுப்புடை அணிந்த குற்றத்துக்காகப் பல மணி நேரம் நிலையத்தில் உட்கார வைத்தார்கள் என்று கொல்லம் மாவட்டப் பெண் ஒருவர் உயர்நீதிமன்றப் படியேறினார். பளிச்சென்ற நிறம் போலீஸ் கண்ணில் படுமா என்றா கேட்டீர்கள்? கேரளத்தில் கண்ணில் பட்ட நிறம் கறுப்பு.

தமிழ்நாட்டு வாசகர் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2025 ஜனவரி 5 அன்று சென்னை எழும்பூரில் சிந்துவெளி நூற்றாண்டு விழா நடந்தது. முதல்வர் ஸ்டாலின் வரும் மேடை. உள்ளே போன மாணவிகளிடம் கறுப்புத் துப்பட்டாவை வாங்கி வைத்துக்கொண்டது போலீஸ். யார் ஆட்சியில்? கொடியில் பாதியைக் கறுப்பாக வைத்திருக்கும் கட்சியின் ஆட்சியில். கறுப்புச் சட்டைப் பெரியாரின் படத்தை மேடைதோறும் வைப்பவர்களின் ஆட்சியில். பெரியாரே அன்று நேரில் வந்திருந்தால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்க வேண்டும்.

கார்க் கண்ணாடிக் கதை ஒன்று பாக்கி. கறுப்பு ஃபிலிம் கூடாது என்று 2012 ஏப்ரல் 27இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளம் 2021 ஜனவரியில் ஆபரேஷன் ஸ்கிரீன் என்று பெயர் சூட்டி வேட்டைக்குக் கிளம்பியது. ஃபிலிம், திரைச்சீலை எதுவும் ஆகாது. சாமானியன் காரில் பிள்ளைக்கு வெயில் படாமலிருக்கக் கட்டிய துணிக்கும் அபராதம். அந்த நேரத்திலேயே திரைச்சீலை ஆடிய அமைச்சர் கார்கள் சோதனையைக் கடந்து போயின. தொலைக்காட்சிக் கேமராக்கள் அதைப் படம் பிடித்தன. சில நாட்களில் தனிச் சோதனை நிறுத்தப்பட்டது. அமைச்சர் திரையைத் தொடுவதைவிட ஆபரேஷனுக்கே திரை போடுவது சுலபம்.

ஆள் பார்க்காதது இயந்திரம் ஒன்றுதான். 232 கோடி ரூபாய்த் திட்டத்தில் 726 கேமராக்களை வைத்து 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதித்தார்கள். அந்தத் திட்டத்தின் கணக்கு வழக்குகளைப் பற்றி எழுந்த புகார்கள் தனிப் புராணம். ஆனால் கேமராவுக்கு மரியாதை தெரியாது. வயநாட்டில் துறட்டி ஏற்றிப் போன மின்வாரிய ஜீப்பையே பிடித்து 20,500 ரூபாய் தீட்டியது. மின்வாரியம் சும்மா இருக்குமா? பில் கட்டவில்லை என்று சொல்லிக் கல்பற்றாவில் மோட்டார் வாகனத் துறை அலுவலகத்தின் ஃபியூஸைப் பிடுங்கியது. பழிவாங்க நமக்கும் ஒரு மின்கம்பம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆகவே, கார் வாங்கப் போகிறவரே, பயப்படாமல் ஆரஞ்சை எடுங்கள். தனியார் காருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் விலக்கிவைத்திருப்பது ஒரே நிறத்தை. ராணுவத்தின் ஆலிவ் பச்சை, விதி 121. மற்ற நிறம் எல்லாம் உங்களுடையது. ஆர்.சி.யில் நிறத்துக்கு ஒரு வரி இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் நிறமும் வண்டியின் நிறமும் ஒன்றாக இருந்தால் போதும். பிறகு மாற்ற ஆசை வந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பூசுங்கள், ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணமும் சட்டப்படி செல்லும், காகிதம்தான் வேண்டும் என்று எவரும் அடம்பிடிக்க முடியாது. கிழக்கேகோட்டையிலோ வேறெங்கோ நிறத்தைச் சொல்லி யாராவது வண்டியை ஒதுக்கச் சொன்னால், ஒதுக்குங்கள், கண்ணாடியை இறக்குங்கள், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை பர்ஸைத் தொடாதீர்கள்.