ஒரு கை குடுங்கோ

சலவை வேஷ்டி கட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ புறப்பட்டு, வீதியின் நிழல் விழுந்த பக்கமாக ஒதுங்கி நடந்துகொண்டிருக்கிற ஒரு மனுஷ்யனை, பானெட் கழற்றப்பட்ட அம்பாசடர் கார் ஒன்றின் அடியிலிருந்து நீளுகிற ஒரு கரிய கை தடுத்து நிறுத்தி, "ஸார், ஒரு கை குடுங்கோ, ஒரு நிமிஷந்தான்" என்று விண்ணப்பித்துக்கொள்ளுமானால், அந்தக் கைக்கு உடையவர் யார் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருச்சித் தில்லைநகரில் இருப்பவர் கான்டெஸா வைத்திருப்பார். உறையூரில் இருப்பவர் பத்மினியோடு நிறுத்திக்கொண்டிருப்பார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் சித்திரை வீதியை அலங்கரிப்பவர் அம்பாசடர்க்காரர். கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த இஞ்சினைக் கீழே இறக்கிவிட்டு, அதைக் காட்டிலும் பெரியதொரு இஞ்சினை வீட்டு வாசலிலேயே ஏற்றி, அதற்கு மேலும் காற்றை ஊதிப் புகட்டிப் பலத்தைப் பெருக்குவது என்ற மகா யக்ஞத்துக்குச் சங்கல்பம் செய்துகொண்டவர்கள் இவர்கள் எல்லாரும்.

எங்கள் அன்பர் யாரிடமும் பணம் கேட்டவர் அல்ல. காப்பிப்பொடி கேட்டதில்லை, பேப்பர் கூடத் தம் சொந்தக் காசில்தான் வாங்குகிறார். அவருக்கு வேண்டியது பிறத்தியாருடைய கை ஒன்றுதான். இந்த யாசகத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காருக்கு மேலே ஒருவர் போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் அடியில் படுத்திருப்பவர் நட்டை முடுக்க முடியும் என்பது பிரம்மாவே மாற்ற முடியாத ஏற்பாடு. ஆனால் போல்ட்டில் ஆரம்பித்த தேவை, டார்ச் லைட் பிடிப்பதற்கும், சவுக்குக் கட்டை மூன்றை முக்காலியாக நிறுத்தி அதில் தொங்கவிட்ட செயின் பிளாக்கின் சங்கிலியை இழுப்பதற்கும், கீழே விழுந்து உருண்டோடிய வாஷரைச் சாக்கடை ஓரத்தில் தேடுவதற்கும், கடைசியில் ஒரு வேலையும் இல்லாதபோது, பக்கத்தில் நின்று "ஆமாம்" என்று சொல்வதற்கும் விஸ்தாரமாகிவிட்டதுதான் எங்கள் துர்ப்பாக்கியம். தபால்காரர் பிடித்திருக்கிறார், பால்காரர் பிடித்திருக்கிறார், விசுவரூப சேவைக்கு விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்த வெளியூர் யாத்ரிகர் ஒருவர், துணிப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், பெருமாள் அந்த நேரத்தில் அவரில்லாமலே துயில் எழுந்ததையும் வீதி அறியும்.

அவர் சொல்லுகிற ஒரு நிமிஷத்தின் நீளத்தை நான் இங்கே கணக்கிடப் போவதில்லை. அந்த நிமிஷத்துக்குள் நம்மை அவர் எப்படிச் சிறைப்படுத்துகிறார் என்பதுதான் கவனிக்கத் தக்கது. கியர்பாக்ஸை இஞ்சினோடு சேர்க்கும்போது, அதன் முன்தண்டு கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் இம்மியும் பிசகாமல் போய் உட்கார வேண்டும், பிசகினால் ஏறாது, ஏறுகிற வரையில் அந்த இரும்பு மூட்டையை யாராவது ஒருவர் அந்தரத்தில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த யாராவது நாம்தான். கீழே போட்டால் அவருடைய கால் போகும். தாங்கினால் நம்முடைய இடுப்பு போகும். இந்தத் தர்மசங்கடத்தில் நம்மை நிலைநிறுத்திவிட்டு, ஓட முடியாதவர், காதைப் பொத்திக்கொள்ளவும் கை ஒழியாதவர் என்ற இரண்டு யோக்கியதாம்சங்களும் நமக்கு ஒருங்கே வாய்த்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து, அவர் பிரசங்கத்தை ஆரம்பிக்கிறார்.

பிரசங்கம் ஆங்கில தேசத்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரில் தொடங்கும். அதன் மூன்றாவது வரிசைதான் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடராக அவதரித்து, 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரையில் ஏறக்குறைய அதே திருமேனியோடு வந்துகொண்டிருந்தது என்றும், அதன் 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின் ஏதோ வாடகைக் காருக்கென்று பிறந்த அற்பப் பிறவி அல்லவென்றும், எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 1955-ல் வைத்த இஞ்சினும் அதே பி.எம்.சி. குலத்தில் உதித்த அதே 1489 சி.சி. என்றும் சொல்லி, அந்தக் குலப்பெருமையில் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொள்வார். நமக்கோ தோள் நடுங்கும். அவ்வளவு உத்தமமான குலத்து இஞ்சினை ஏன் ஐயா இறக்கினீர் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் பிரசங்கம் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகும். 1984-ல் கான்டெஸா வந்தபோது, வாக்ஸ்ஹால் விக்டரின் அந்த விசாலமான உடம்புக்குள் இந்த 1489 சி.சி.யையே வைத்தார்கள், அது இழுக்கத் திணறிற்று, பிறகு ஜப்பானிய இசுஸுவின் 1817 சி.சி. இஞ்சின் வந்த பிறகே அதற்கு ஜீவன் வந்தது. அதே 1817-ஐ 1990-களின் தொடக்கத்தில் கம்பெனியே அம்பாசடரிலும் வைத்து, ஐம்பது சொச்சமாக இருந்த குதிரைசக்தியை 75 ஆக்கியது. ஆகையால் தாம் செய்வது புதுமையும் அல்ல, விபரீதமும் அல்ல, சம்பிரதாயமே என்பது அவருடைய சித்தாந்தம்.

அத்தோடு விட்டாலும் பாதகமில்லை. அமெரிக்காவில் பாண்டியாக் கம்பெனியார், பெரிய கார்களுக்கென்று வைத்திருந்த 389 கன அங்குல இஞ்சினை, நடுத்தர உடம்புள்ள டெம்பெஸ்ட் காரில் புகுத்தி, 1964-ஆம் வருஷ மாடலாக ஜி.டி.ஓ. என்று பெயர் சூட்டி விற்று, புஜபல பராக்கிரமக் கார்கள் என்று ஒரு ஜாதியையே பிரபலமாக்கிவிட்டார்கள் என்று அவர் அடுத்து எடுத்துச் சொல்லும்போது, அந்த இஞ்சின் இவர் ஏற்றுகிற 1817-ஐப்போல் மூன்றரை மடங்கு கொள்ளளவு உள்ளது என்ற விவரம் மட்டும் நமக்கு ஓர் ஆறுதலாக இருக்கிறது. அவர் அமெரிக்காவில் பிறந்திருந்தால் அதைப் பிடிக்கவும் நம்மைத்தானே கூப்பிட்டிருப்பார்!

இஞ்சின் ஏறிவிட்டதா என்று கேட்பீர்கள். ஏறிற்று. ஏறியதுதான் அனர்த்தங்களுக்கெல்லாம் ஆரம்பம். பெரிய இடத்துப் பெண்ணை மருமகளாகக் கொண்டுவந்த சிறிய குடும்பத்தைப்போல, அந்தக் கார் அதன் பிறகு ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பழைய மவுண்டிங்கின் துளைகள் புது இஞ்சினுக்குப் பொருந்தவில்லையென்று துவாக்குடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் புதுத் தாங்கிகள் வெட்டி வந்தன. ஸ்டியரிங் தண்டில் இருந்த கியரைத் தரைக்குக் கொண்டுவர வேண்டுமென்று காரின் தரை அறுக்கப்பட்டது. புதுக் கியர்பாக்ஸின் நீளத்துக்காகப் பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் தண்டு லேத்தில் குறைக்கப்பட்டது. சூடு தாங்கவில்லையென்று ரேடியேட்டர் பெரிதாயிற்று. ரேடியேட்டர் பெரிதானதால் முன்பக்கத் தகடு இடம் கொடுக்கவில்லை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வேண்டியிருந்தது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இவ்வளவு காலதாமதம் ஆகிறதே என்று யாராவது வாய்திறந்தால், கோயில் பக்கம் கையைக் காட்டுவார். ராயகோபுரம் அடிநிலையோடு நின்றுபோய், சுமார் நானூறு வருஷம் மொட்டைக் கோபுரம் என்றே பெயர் வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, 1987-ல்தானே பதின்மூன்று நிலையும் பூர்த்தியாகிக் கும்பாபிஷேகம் கண்டது, அதற்கு யாராவது அவசரப்பட்டார்களா என்பார். பொன்மலை ரயில்வே பட்டறையில் நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இஞ்சினையே புதிதாகக் கட்டி அனுப்புகிறார்கள், அந்த ஊர்க்காற்றைச் சுவாசிக்கிற நான் ஒரு காரைப் பூட்ட மாட்டேனா என்றும் கேட்பார். பொன்மலையில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது என்ற சிறிய வித்தியாசம் அவருக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை.

சித்திரைத் தேர் வந்தபோதுதான் விஷயம் வீதி முழுவதற்கும் பொதுவாயிற்று. தைத் தேர் உத்தர வீதிகளில் ஓடுகிறபடியால் எங்களுக்குத் தொந்தரவில்லை. சித்திரைத் தேர் ஓடுவதோ எங்கள் வாசலில். தேரோட்டத்துக்கு முன் வீதியில் ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது. அன்பருடைய காருக்கு அந்தச் சமயத்தில் மறுபடியும் இஞ்சின் இல்லை, முன்சக்கரம் ஒன்று இல்லை, எப்போதும்போல் கவலையும் இல்லை. வீதிக்காரர்கள் அத்தனை பேரும் கூடி, சக்கரமில்லாத மூலையைத் தோளில் தாங்கி, சந்துக்குள் அதைக் கொண்டுபோய் ஒதுக்கினோம். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்த அந்த மகா ரதம் நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றிவிட்டு நிலைக்கு வந்து சேர்ந்தது. காரை வாசலுக்குத் திரும்பக் கொண்டுவரத்தான் ஒருவரும் அகப்படவில்லை. ஊரில் எல்லாருக்கும் கைவலி.

இப்போது அவருடைய சிந்தையை ஆட்கொண்டிருப்பது சூப்பர்சார்ஜர். இண்டியானா மாகாணத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் உரிமை பதிந்துகொண்ட ஊதுகருவியின் வம்சத்தில் வந்தது அது. ஆதியில் உலைக்களத்துக்கும் சுரங்கத்துக்கும் காற்று ஊதிக்கொண்டிருந்த இயந்திரம். இஞ்சின் தானாக உறிஞ்சுகிற காற்றுக்கு மேல், கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் போட்டுச் சுழற்றி, பலவந்தமாகக் காற்றை உள்ளே திணிப்பது அதன் தொழில். காற்று அதிகமானால் அதற்கேற்பப் பெட்ரோலும் அதிகம் எரியலாம், பலமும் அதிகமாகும். தத்துவம் நிர்மலமானது. ஆனால் அமுக்கிய காற்று சூடேறும். சூடேறிய காற்று கலந்த பெட்ரோல், சிலிண்டருக்குள் தன் முறை வருவதற்கு முன்பே தானாக வெடிக்கப் பார்க்கும். அந்த நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் திருச்சிக் காற்று அமுக்காமலே கொதிக்கிற காற்று என்பதை நான் விநயமாக எடுத்துச் சொன்னேன். "அதுக்கும் ஒண்ணு இருக்கு ஸார், இன்டர்கூலர்" என்றார். அதைப் பொருத்த எத்தனை கை வேண்டுமென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருக்கு வேறு வழக்கங்களும் உண்டு. எல்லாம் பூட்டி முடித்த பிறகு மிஞ்சுகிற நட்டுகளை ஒரு போர்ன்விடா டப்பாவில் போட்டு வைப்பார். அந்த டப்பா நிறைந்துவிட்டது. எந்த மெக்கானிக்கையும் நம்ப மாட்டார்.

இப்படியெல்லாம் எழுதிக்கொண்டே வருகிற எனக்கு அவரிடம் அசூயையோ துவேஷமோ இருப்பதாக வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. ஆடி மாதத்து ராத்திரி ஒன்றில் எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோய், பிரசவித்த பெண் இருந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில்லாமல் தவித்தபோது, சொல்லியனுப்பாமலே வந்து, நடுநிசிக்கு மேல் அதைப் பிரித்துப் பூட்டி ஓடவைத்துவிட்டு, காப்பி கூட வேண்டாமென்று போனவர் அவர்தான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேர் அவர் காரடியில் படுத்துத்தான் நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினின் மர்மத்தைக் கற்றுக்கொண்டார்கள். தொட்டதெல்லாம் பொத்தானாக இருக்கிற இந்தக் காலத்தில், ஒரு வஸ்துவின் உள்ளே என்ன நடக்கிறதென்று அறிய ஆசைப்படுகிறவர் வீதிக்கு ஒருவராவது இருப்பது நல்லதுதான். சாயங்காலம் அந்தக் காரைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர், வீட்டுக்குள் பேச ஆளில்லாத கிழவர்கள் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். அவர்கள் கை கொடுப்பதற்கென்றே வருகிறார்கள்.

இருந்தாலும் ஒன்றைப் பச்சையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். காரில் இத்தனையையும் மாற்றியவர் பிரேக்கை மாற்றவில்லை. நான்கு சக்கரத்திலும் அந்தப் பழைய டிரம் பிரேக்தான் இன்னும் இருக்கிறது. ஐம்பது சொச்சம் குதிரைகளை நிறுத்துவதற்கென்று கம்பெனிக்காரன் கணக்குப் பார்த்து வைத்தது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தவேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், கம்பெனி நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாதென்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பும் வேடிக்கைக்காக எழுதப்பட்டவை அல்ல. ஸ்ரீரங்கத்திலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருக்கிறது, புது இஞ்சினின் நம்பர் இன்னும் ஆர்.சி. புத்தகத்தில் ஏறவில்லை. விடியற்காலையில் வாசலில் குனிந்து கோலம் போடுகிற கிழவிகளும், பந்தின் பின்னால் ஓடிவருகிற குழந்தைகளும் இருக்கிற வீதி இது. அவர்களில் யாரும் குதிரைசக்தி கேட்கவில்லை. போல்ட் பிடிக்க எங்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டவர், எங்கள் வாசலில் இந்த வண்டியை ஓட்டலாமா என்று ஒருவரையும் கேட்கவில்லை.

ஆகவே, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பூட்டி, ஆபீஸில் காட்டி, புத்தகத்தில் நம்பர் ஏறி வருகிற வரையில் காரின் சாவி அவர் வீட்டு மாமியின் கைவசம் இருக்க வேண்டும் என்பது வீதியாரின் ஏகோபித்த அபிப்பிராயம். மாமிக்கு இதில் பரிபூரண சம்மதம். மாற்றுச் சாவி ஒன்று இருக்கிறதென்றும், அது போர்ன்விடா டப்பாவின் அடியில் கிடக்கிறதென்றும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.