அரைத்த மாவும் அரியலூர் சிமெண்ட்டும்

கேள்வி: விண்கல மென்பொருளைப் புதிதாக எழுதாமல், இருப்பதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்களாமே! அரைத்த மாவையே அரைப்பதா?
– வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: வீடு கட்டும் நீங்கள் சுண்ணாம்புச் சூளை போட்டா தொடங்குகிறீர்கள்? அரியலூர் சிமெண்ட் மூட்டையைத்தானே பிரிக்கிறீர்கள்! நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் எழுதிய 'எஃப் பிரைம்' அப்படியொரு மூட்டை, விலைதான் கிடையாது. கட்டளை வாங்குவது, அளவீடுகளைப் பூமிக்கு அனுப்புவது போன்ற அன்றாட வேலைகள் அதில் தயாராக இருக்கும். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் பறந்த 'இன்ஜெனுவிட்டி' ஹெலிகாப்டரில் ஓடியது அதுதான். பெரம்பலூர் கல்லூரி மாணவரும் இன்றே இறக்கிக்கொள்ளலாம்.

அளவு மட்டும் பார்க்கணும். 1996இல் ஏரியான்-4 ராக்கெட்டின் வழிகாட்டு நிரலை ஏரியான்-5க்கு அப்படியே மாட்டினார்கள். தம்பி சட்டை அண்ணனுக்கு! சுமார் 40 நொடியில் கிழிந்தது, ராக்கெட்டோடு சேர்த்து.