மூத்திரத்துணிக் கணக்கு

ஏலே பேராண்டி, வா, இப்பிடித் திண்ணையில உக்காரு. நேத்து ராத்திரி செல்லைத் தட்டித் தட்டிப் பொண்டாட்டிகிட்ட கணக்குச் சொன்னியே, கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். ஆச்சிக்குக் காது கேக்காதுன்னு நெனச்சிருப்ப. யாராச்சும் வேலை சொன்னா மட்டுந்தாம்ல கேக்காது.

கணக்கு சரிதான். கடை டயப்பர் ஒன்னு 10 ரூவா, நாளைக்கு ஆறு. மாசம் 1,800; ரெண்டு வருசத்துக்கு 43,200. துவைச்சுக் கட்டுற துணி டயப்பர் 450 ரூவா வெலைக்கு 15 வாங்கினா 6,750. மிச்சம் 36,450. அதுல புது செல்லு வாங்கலாம்னு முடிச்ச பாரு, உங்க தாத்தா பேரன்தாம்ல நீ.

அந்த 450ந்தான் எதுக்குங்கேன்? உங்கப்பனுக்கு எவ கடைக்குப் போனா? தாத்தாவோட பழைய வேட்டியக் கிழிச்சு, முக்கோணமா மடிச்சு, அரணாக்கயித்துல சொருகிவிட்டேன். பழைய நூல்துணிதான் ஈரத்தை இழுக்கும். புதுசு நாலு தண்ணி பாத்த பொறவுதான் வழிக்கு வரும், புது மாப்பிள்ளை கணக்கா. வாசனைக்குன்னு கடைசி அலசல்ல ஒன்னை ஊத்துவாகளே, அதைக் கிட்டயே சேக்காத. வழுவழுன்னு படிஞ்சு துணி உறிஞ்சாமப் போயிரும். கறையா, வெயில்ல போடு. வெயிலுக்கு பில்லு வராது. ஐப்பசி அடைமழையில மட்டும் வீடு பூராம் தோரணம் கட்டுன மாதிரி இருக்கும், குனிஞ்சு போய்க்க.

அது கெடக்கட்டும். உன் கணக்குல அலசுற ஆளுக்குக் கூலி எங்கல? நாளைக்கு அரை மணி நேரம்னு கொறச்சே வச்சாலும் ரெண்டு வருசத்துக்கு 360 மணி. எட்டு மணிக்கு ஒரு நாள்னா 45 நாள். நூறுநாள் வேலைக்கே 2025ல 336 ரூவான்னு போட்டாக. பெருக்கு. 15,120! உன் பொண்டாட்டிக்கு அதை எண்ணி வச்சாலும் உனக்கு 21,330 மிஞ்சும். சோப்பு, தண்ணி கழிச்சாலும் செல்லு வாங்கலாம், கொஞ்சம் சின்னதா.

உங்க தாத்தாவும் அப்பிடித்தான். கோயில் கணக்குல காலணா பிசகுனா கண்டுபிடிச்சுருவாக. வேட்டியக் கிழிக்கவும் மொத ஆளா வந்து நிப்பாக. அலசுற நேரம் பாத்து எங்கயோ சோலி வந்துரும்.

கடைச் சரக்கை நான் வையல. ராத்திரிக்கு மாட்டு, மதுரைக்குப் பஸ்சு ஏறும்போது மாட்டு. பொட்டி பொட்டியா வாங்கிப்போட்டு வாறுகால்ல மட்டும் எறியாத. அன்னைக்கு நாய் ஒன்னை இழுத்துப் போட்டு வாசல் பூராம் ஊறுன ஜவ்வரிசி கணக்கா கெடந்துச்சு. மூத்திரத்தை உறிஞ்சி ஊதிப்போற பொடியாம்ல அது. கூட்டுற தூய்மைக் காவலர் பொம்பளை என்னை ஒரு பார்வை பாத்தா; நான்தான் போட்டேன்னு நெனச்சாளோ என்னமோ! அவ கூலியும் உன் செல்லுல இல்ல.

அந்தா, தொட்டில் சொட்டுது பாரு. உன் பொண்டாட்டியக் கூப்பிடாத, இப்பத்தான் கண்ணசந்திருக்கா. வாளி கிணத்தடியில கெடக்கு. செல்லை இங்க வச்சுட்டுப் போ, நனைஞ்சுறப்போவுது.